கிராமத்தைக் கணக்கெடுத்த மாணவர்கள்

கல்லூரியில் இடம் தேடி வரும் பிள்ளையிடம் பொருளாதாரம் எடுத்துக்கொள்ளலாமே என்று சொன்னால், பிள்ளை வாய் திறக்குமுன் தகப்பனார் முந்திக்கொண்டு, "அதைப் படித்து என்ன உத்தியோகத்துக்குப் போவது?" என்று கேட்கிறார். எளிய குடும்பத்துக்கு மூன்று வருஷப் படிப்பு என்பது சாமான்யமான செலவல்லவாதலால் அந்தக் கேள்வி நியாயமானதே. அதற்கு விடையும் உண்டு. பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கென்றே, யூ.பி.எஸ்.சி. பரீட்சையின் மூலம் ஆள் எடுக்கும் இந்தியப் பொருளாதாரப் பணி 1961 முதல் இருந்து வருகிறது. ரிசர்வ் வங்கி, நபார்டு, புள்ளியியல் இலாகாக்கள், ஆராய்ச்சி நிலையங்கள், பத்திரிகைகள், கல்லூரிகள் ஆகிய யாவற்றிலும் இந்தச் சாஸ்திரம் கற்றவர்களுக்கு வேலை உண்டு.

ஆனால், தேவைக் கோட்டையும் அளிப்புக் கோட்டையும் பிழையின்றி வரைந்து காட்டிவிட்டு, தன் தெருவில் கடன் வாங்குகிறவர்கள் நூற்றுக்கு மாதம் என்ன வட்டி கொடுக்கிறார்கள் என்று கேட்டால் விழிக்கும் பட்டதாரியை அந்த ஸ்தாபனங்கள் எதற்காக விரும்பி அழைக்க வேண்டும்? குறை மாணவனுடையதன்று; அவனை நான்கு சுவர்களுக்குள் உட்கார வைத்துக் குறிப்புகளை மனனம் செய்வித்துப் பட்டம் கொடுத்தனுப்பும் நம் போதனா முறையினுடையது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

சென்னையில் இந்தச் சாஸ்திரம் இப்படித் தொடங்கவில்லை. 1915-ல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக இங்கிலாந்திலிருந்து வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், இந்திய வாழ்க்கையைப் புத்தகங்களிலிருந்து மட்டும் போதிக்க இயலாதென்று உணர்ந்து, நிலம் யார் கையில் இருக்கிறது, உழுகிறவனுக்குக் கூலி நெல்லாகக் கிடைக்கிறதா பணமாகக் கிடைக்கிறதா, கடன் எவ்வளவு, கிணறு எத்தனை என்றெல்லாம் வினாக்களை வகுத்துக் கொடுத்து, மாணவர்களைக் கிராமங்களுக்கே அனுப்பினார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டும், தஞ்சை ஜில்லாவின் பாலக்குறிச்சியும், திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டானும், வடமலைபுரமும் தூசியும் அவ்வாறு ஆராயப்பட்டு, 1918-ல் நூலாக வெளிவந்தன. இருபது வருஷங்களுக்குப் பின் அதே சர்வகலாசாலையின் பொருளாதார ஆசிரியர்களான பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களை மறுபடியும் ஆராயச் செய்தார்கள். அதற்குப் பின்னரும் ஆராய்ச்சியாளர்கள் அவ்வூர்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்றிருக்கிறார்கள். ஒரு நூற்றாண்டில் தமிழ்நாட்டுக் கிராமம் எவ்வாறு மாறியது என்று உலகம் அறிய விரும்பினால், அன்று விவரம் சேகரித்த மாணவர்களின் உழைப்பிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

தஞ்சையில் பிறந்து, கொலம்பியா சர்வகலாசாலையில் பொதுநிதி பயின்று திரும்பிய ஜே. சி. குமரப்பாவும், குஜராத்தின் மாதர் தாலுகாவில் குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கொண்டு இத்தகைய ஆராய்ச்சியையே நடத்தினார். கணக்குக்குப் பயந்து இந்தப் பாடத்திலிருந்து விலகும் பிள்ளைகளுக்கும் இவ்வாறு நேரில் ஆராய்வது நல்ல மருந்து. தானே விசாரித்து எழுதிக்கொண்டு வந்த ஐம்பது குடும்பங்களின் வரவு செலவைக் கூட்டிச் சராசரி காணும்போது, புள்ளியியல் ஒரு மாணவனுக்கு அந்நிய சாஸ்திரமாகத் தோன்றாது.

ஆகவே, பட்ட வகுப்பின் இறுதி வருஷத்தில் ஒரு பரீட்சைத் தாளை எடுத்துவிட்டு, அதன் ஸ்தானத்தில் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் ஒரு கிராமத்தையோ நகரத்தின் ஒரு வார்டையோ நேரில் ஆராய்ந்து தமிழில் எழுதிக் கொடுக்கும்படி நம் சர்வகலாசாலைகள் விதிக்க வேண்டும்; சொந்தக் கைப்பணத்தைச் செலவழிக்க இயலாதவர்களுக்குப் பயணப்படி கொடுக்க வேண்டும்; எழுதியவற்றைத் திருத்தி மதிப்பெண் இட்டபின் பழைய காகிதத்துக்குப் போட்டுவிடாமல், பத்து வருஷம் கழித்து அதே ஊருக்குச் செல்லும் மாணவர்கள் எடுத்துப் பார்க்கும்படி கல்லூரி நூலகத்தில் ஊர்வாரியாக வைத்துக் காப்பாற்ற வேண்டும்.