வட்டிக் கணக்கை மறைக்கும் நிதிக் கல்வி

இளைஞர்கள் ஊதாரிகளாகி விட்டார்களாம். கடன் அட்டையைத் தேய்த்துத் தேய்த்துக் கடனாளிகளாகிறார்களாம். ஆகவே அவர்களுக்குப் பள்ளியிலேயே சிக்கனம் போதிக்க வேண்டுமாம்! கடன் கொடுத்துக் கொழுப்பவர்களின் உபதேசம் இது. ரிசர்வ் வங்கியும் 2016 முதல் ஆண்டுதோறும் நிதிக் கல்வி வாரம் நடத்தி வருகிறது.

நடத்தட்டும். நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அங்கே எதைக் கற்பிப்பது என்பதுதான் கேள்வி.

பிளஸ் டூ மாணவர் முன் இந்தக் கணக்கை வையுங்கள். அட்டையில் பாக்கி 10,000 ரூபாய். வட்டி மாதம் மூன்றரை சதவீதம். ‘குறைந்தபட்சம் 500 கட்டினால் போதும்’ என்கிறது பில். அவரும் கட்டுகிறார். அதில் வட்டி 350. அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 63. ஆக 413 ரூபாய் போய்விட்டது. கடன் குறைந்தது வெறும் 87 ரூபாய்! அதுமட்டுமல்ல, பாக்கி நிற்கும் வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஓடும். கெடு நாளுக்குள் முழுத்தொகையும் கட்டினால்தான் வட்டியிலிருந்து தப்பலாம். அட்டையில் ரொக்கமாக எடுத்தாலோ அந்தச் சலுகையும் கிடையாது.

மூன்றரை சதவீதம் என்றால் சிறிதாகத் தெரியும். ஆண்டுக்கு 42 சதவீதம் என்று சொல்லிப் பாருங்கள்! கிராமத்து விவசாயத் தொழிலாளி இதை ‘மூன்றரை வட்டி’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார். அவரிடம் பறிப்பவனுக்குப் பெயர் கந்துவட்டிக்காரன். குளிரூட்டிய கட்டிடத்தில் அமர்ந்து பறிப்பவருக்குப் பெயர் நிதிச் சேவை!

சட்டம் யார் பக்கம்? தமிழ்நாட்டில் 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. ஆனால் வங்கி வாங்கும் வட்டி அதிகம் என்ற காரணத்துக்காகக் கோர்ட்டுகள் அந்தக் கணக்கைத் திறக்கக்கூடாது என்று, வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21-ஏ பிரிவை 1984லேயே சேர்த்து விட்டார்கள். கடன் அட்டைக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நேர்மையற்ற வணிகம் என 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

இதையெல்லாம் சொல்லாமல் ‘பொறுப்பாகச் செலவு செய்’ என்று மட்டும் போதிப்பது கல்வியல்ல; கொள்ளை கொடுத்தவனையே குற்றவாளியாக்கும் தந்திரம். சம்பளம் போதாமல், மருந்துக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் அட்டையை நீட்டுபவனிடம் சிக்கனம் பேசுவது என்ன நியாயம்?

நாம் கோருவது இதுதான்: பிளஸ் டூ வகுப்பில் உண்மையான அட்டை பில்லை வைத்து வட்டிக் கணக்கு கற்பிக்கப்பட வேண்டும். அதை நமது ஆசிரியர்கள் கற்பிக்கட்டும். வங்கிகளின் விற்பனையாளர்கள் வேண்டாம். கடன் அட்டை வட்டிக்குச் சட்டப்படி உச்சவரம்பு வேண்டும்.

சர்க்கார் செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாணவர், வாலிபர் தோழர்களே! படிப்பகங்களிலும் சங்க அலுவலகங்களிலும் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுங்கள். கணக்குத் தெரிந்த இளைஞன் ஏமாறமாட்டான். அந்த வட்டி யார் பைக்குப் போகிறது என்று தெரிந்தவன் சும்மாவும் இருக்கமாட்டான்!