யாருடைய கவனக்குறைவு?

மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கிற என் பெரியப்பா மகன் டீ டம்ளரை இடது கையில்தான் பிடிப்பார். வலது கையில் இரண்டு விரல் இல்லை. அவர் வேலை பார்த்த ஆலையில் பெல்ட் சுற்றுகிற இடத்துக்குக் கம்பிவலை மூடி உண்டு. சுத்தம் பண்ணும்போதெல்லாம் கழற்றி மாட்டினா நேரம் போகுதுன்னு மேஸ்திரியே கழற்றி மூலையில் சாத்தி வைக்கச் சொன்னாராம். பேப்பரில் எழுதினது, 'தொழிலாளியின் கவனக்குறைவு'. அண்ணனும் அதையேதான் சொல்றார்: "நான்தாம்பா பாக்காம கைய விட்டுட்டேன்." எனக்கு எரிச்சல் வருவதே அங்கேதான்.

ஓடுகிற இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான தடுப்பு வேண்டும் என்றது 2025 வரை அமலில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு. மனுஷன் கை ஒருநாள் தவறும் என்று தெரிந்துதான் தடுப்பே வைப்பது.

பாதுகாப்பு மீறல் என்றதும் ஹெல்மெட் போடாத தலைதான் நமக்கு ஞாபகம் வரும். அது தொழிலாளியின் உடம்பிலேயே தெரிகிற மீறல். தள்ளிப்போட்ட பராமரிப்பு, பயிற்சி கொடுக்காமல் உள்ளே அனுப்பிய ஆள், இதெல்லாம் எந்தப் போட்டோவிலும் விழாது.

எங்கள் மாவட்டத்திலேயே நெய்வேலி இருக்கிறது. 2020 மே 7, என்எல்சியின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் ஆறாவது அலகின் பாய்லர் வெடித்தது. 55 நாள் கழித்து, ஜூலை 1, ஐந்தாவது அலகு. அன்றைக்கே ஆறு பேர் செத்தார்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆஸ்பத்திரியிலும் பலர் போனார்கள். நிலையத்தின் மற்ற அலகுகளைச் சோதனைக்காக நிறுத்தியது இந்த இரண்டாவது வெடிப்புக்குப் பிறகு! நிறுத்துவதா, ஓட்டுவதா என்ற முடிவு பாய்லர் பக்கத்தில் நின்றவர் கையிலா இருந்தது? பசுமைத் தீர்ப்பாயம் 5 கோடி இடைக்கால அபராதம் போட்டது, சரி. மே மாதமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

'அவர் காண்ட்ராக்டர் ஆளுங்க' என்று ஒரு பதில் எப்பவும் தயாராக இருக்கும். அந்தச் சட்டத்தில் தொழிலாளி என்றால் காண்ட்ராக்டர் மூலம் வந்தவரும்தான். 7ஏ பிரிவு பாதுகாப்புப் பொறுப்பை ஆலையை நடத்துபவர் தலையில்தான் வைத்தது. ஆனால் அதில் 101ஆம் பிரிவு என்று ஒரு பின்வாசலும் இருந்தது: நான் உரிய கவனத்தோடுதான் இருந்தேன், எனக்குத் தெரியாமல் இன்னார் செய்தார் என்று நிரூபித்தால் முதலாளி வெளியே வந்துவிட முடிந்தது. கவனம் என்ற அதே வார்த்தை அவரைக் காப்பாற்றியது, அண்ணனை மாட்டிவிட்டது.

விரல் போன மறுவாரம் அந்தக் கம்பிவலையைத் திரும்ப மாட்டிட்டாங்களாம். நாலு போல்ட்டு.