முன் சீட்டைக் கழற்றப் போகிறீர்களா?



மழை விட்டு வாரங்கள் ஆகியும் காருக்குள் அந்த ஈர வாடை போகவில்லையா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் எத்தனை வீட்டு வாசல்களில் கார்கள் தண்ணீரில் நின்றன! துடைத்தாயிற்று, கதவைத் திறந்துபோட்டு வெயிலும் காட்டியாயிற்று. ஆனால் கார்பெட்டுக்கு அடியில் ஊறிக் கிடக்கும் தண்ணீர் லேசில் போகாது. முன் சீட்டைக் கழற்றினால்தான் அங்கே ஒழுங்காகக் கை போகும்.

“நாலு போல்ட்தானே, நாமே பார்த்துக்கலாம்” என்று வீட்டில் ஒருவர் கிளம்பிவிடுவார். பெரும்பாலான கார்களில் நாலு போல்ட்தான். சீட்டைப் பின்னே தள்ளினால் முன்பக்க போல்ட்டுகள் தெரியும், முன்னே இழுத்தால் பின்பக்கத்தவை. நல்ல சாக்கெட் செட் இருந்தால் கழன்றுவிடும்.

நான் கவலைப்படுவது போல்ட்டைப் பற்றி அல்ல, சீட்டுக்கு அடியில் ஓடும் வயரைப் பற்றி. 2019 ஜூலை முதல் நம் நாட்டில் தயாராகும் கார்களில் முன் சீட் இரண்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம். அதற்கான வயர் சீட்டுக்கு அடியில்தான் வருகிறது. மஞ்சள் நிறத்தில் வயரோ கனெக்டரோ தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் சம்பந்தப்பட்டது. சாய்மானத்தின் ஓரத்தில் ‘ஏர்பேக்’ என்று சின்னதாக ஒரு துணிப்பட்டை தைத்திருக்கிறதா? அப்படியானால் தயவுசெய்து சர்வீஸ் சென்டருக்கே விட்டுவிடுங்கள். தண்ணீர் சீட் வரை ஏறியிருந்தாலும் அப்படியே. அங்கே கொடுக்கும் கூலி வீண்செலவு இல்லை.

மற்றவர்கள் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். மோட்டாரில் நகரும் சீட் என்றால், பின்பக்க போல்ட்டுகளை எடுத்துவிட்டு, சீட்டைப் பின்னே தள்ளி வைத்துக்கொண்டு அப்புறம் பேட்டரிக்குப் போங்கள். டெர்மினலைக் கழற்றிய உடனே சீட் வயரில் கை வைக்க வேண்டாம். பேட்டரி போன பிறகும் ஏர்பேக் யூனிட்டில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும். உங்கள் காருக்கு உரியதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சீட் வெளியே இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும்.

போல்ட்டையும் வயரையும் கழற்றிய பிறகு, சீட்டைத் தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஹெட்ரெஸ்ட்டை முன்பே எடுத்துவிட்டால் வாசலில் இடிக்காது. அடியில் இருக்கும் இரும்பு ரெயிலின் ஓரம் கையைக் கிழித்துவிடும், கிளவுஸ் போடுங்கள். கதவு நிலையில் பழைய போர்வை ஒன்றை விரியுங்கள்.

திரும்ப மாட்டும்போது அவசரமே வேண்டாம். நாலு போல்ட்டையும் முதலில் விரலாலேயே சில சுற்று ஏற்றுங்கள். ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் துளை சேராது. கோணலாக ஏறிய போல்ட் மரையைத் தின்றுவிடும். பிரேக் அடிக்கும் நொடியில் உங்கள் மனைவியையோ அப்பாவையோ பிடித்து நிறுத்துவதில் அந்த மரைக்கும் பங்கு உண்டு. பல கார்களில் பெல்ட்டின் பக்கிளே சீட்டில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது! கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குவதே சரி. அது வீட்டில் இல்லாவிட்டால், சாக்கெட் ரெஞ்சால் நன்றாக இறுக்கிவிட்டு மெதுவாக ஓட்டிப்போய் பக்கத்து மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வயரையெல்லாம் மாட்டிய பிறகே பேட்டரி. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, இரண்டு ரெயிலிலும் ‘டக்’கென்று பூட்டு விழுகிறதா என்று பாருங்கள். டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் வண்டியை நேரே சர்வீஸுக்கு எடுத்துப் போங்கள். அதுவரை அதில் குடும்பத்தோடு வெளியூர்ப் பயணம் வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்