பன்றி விரட்ட ஸ்கோப் வேண்டுமா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

வாழை, மரவள்ளி, சேனை, மக்காச்சோளம், நிலக்கடலை என எதைப் போட்டாலும் ஒரே இரவில் காட்டுப்பன்றிக் கூட்டம் உழுதுவிட்டுப் போகிறது. இந்தத் தொல்லை பெருகப் பெருக, துப்பாக்கி பற்றிய பேச்சும் ஊருக்கு ஊர் வளர்கிறது. கூடவே, இணையக் கடைகளில் குறைந்த விலைக்கு விற்கும் ஸ்கோப், அதாவது துப்பாக்கித் தொலைநோக்கி, பலரின் கண்ணில் படுகிறது. "நம்மிடம் இருக்கும் பழைய துப்பாக்கிக்கு இதைப் போட்டால் பன்றியைத் தவறாமல் அடிக்கலாமே" என்று தோன்றுவது இயல்பு. பணத்தை எடுக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். சுட உங்களுக்கு அனுமதி உண்டா? உங்கள் துப்பாக்கி எந்த வகை? எவ்வளவு தூரத்தில் பயன்படுத்தப் போகிறீர்கள்?

யார் சுடலாம்?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிருக்குச் சேதம் விளைவித்தாலும், அதிகாரம் பெற்றவரின் உத்தரவு இல்லாமல் அதைக் கொல்வது குற்றம். சட்டத்தின் 62-வது பிரிவின் கீழ் ஒரு விலங்கை, குறிப்பிட்ட பகுதிக்கும் காலத்துக்கும், தீங்குயிரி என்று மத்திய அரசு அறிவிக்கலாம். பீகார், உத்தராகண்ட் மாநிலங்களில் காட்டுப்பன்றிக்கு முன்பு அப்படி அறிவிப்பு வந்தது. கேரளம் பலமுறை கேட்டும் மத்திய அரசு இசையவில்லை.

எனவே கேரளம் வேறு வழியில் போனது. 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் தரப்பட்டது. ஊராட்சி தயாரிக்கும் பட்டியலில் உள்ள, உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள், அந்த உத்தரவின் பேரில் சுடலாம். விஷம், வெடி, மின்சாரம் பாய்ச்சுதல் ஆகியவற்றால் கொல்ல அனுமதி இல்லை. சுட்ட பன்றியைக் கணக்கில் பதிந்து, முறையாக அப்புறப்படுத்த வேண்டும்.

தமிழ்நாட்டின் முறை வேறு. 2025 ஜனவரியில் வந்த முடிவின்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் மட்டுமே சுடலாம். அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும், விவசாயி செய்யக்கூடாது. ஆகவே உங்கள் நிலம் தமிழ்நாட்டில் இருந்தால், பன்றிக்காக ஸ்கோப் வாங்குவது வீண் செலவு. கையில் உரிமம் இருந்தாலும் இதுதான் நிலை.

இடுக்கி மாவட்டத்தில் தோட்டம் வைத்திருக்கும் கம்பம், போடி விவசாயிகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். துப்பாக்கி உரிமத்தில் அது செல்லுபடியாகும் பகுதி எழுதப்பட்டிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் உரிமத்தை வைத்துக்கொண்டு துப்பாக்கியைக் குமுளி தாண்டிக் கொண்டுபோக முடியாது. அங்குள்ள ஊராட்சிப் பட்டியலிலும் பெயர் இருக்க வேண்டும்.

உங்கள் துப்பாக்கி எந்த வகை?

பெரும்பாலானவர்கள் பணத்தை இழப்பது இங்கேதான். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம், பயிர்ப் பாதுகாப்புக்கு முதலில் அனுமதிப்பது முன்வாய் வழியாக மருந்து இடித்து நிரப்பும் துப்பாக்கியைத்தான். உரிமத்தில் 'எஸ்.பி.எம்.எல்.' என்று இருக்கும். அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், குறைந்தது 20 அங்குலக் குழல் கொண்ட, உட்புறம் வழவழப்பான துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். 'எஸ்.பி.பி.எல்.', 'டி.பி.பி.எல்.' என்று எழுதப்படும் 12 போர் துப்பாக்கிகள் இந்த வகை.

வழவழப்பான குழல் குண்டைச் சுழற்றி அனுப்பாது. பால்ரஸ் குண்டுகள் நிரம்பிய தோட்டாவைச் சுட்டால், 40 மீட்டர் தூரத்தில் குண்டுகள் ஒரு மீட்டர் அகலம் வரை பரவிவிடும். நுணுக்கமாகக் குறி காட்டும் ஸ்கோப்பால் அந்தப் பரவலைக் குறைக்க முடியாது. இரட்டைக் குழல் துப்பாக்கியில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு குழல்களும் ஒரே இடத்தில் அடிப்பதில்லை. ஒரு குழலுக்கு ஸ்கோப்பைச் சரிசெய்தால், மற்றக் குழல் விலகி அடிக்கும். மருந்து இடிக்கும் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் மருந்தின் அளவும் இறுக்கமும் மாறுவதால் குறியும் மாறும். இந்த இரு வகைக்கும் குழலின் முனையில் உள்ள குறிமணியே போதும். வேண்டுமானால் அதற்கு வெள்ளைச் சாயம் பூசிக்கொள்ளலாம்.

ஸ்கோப்பால் உண்மையான பயன் கிடைப்பது, உட்புறம் வரிகள் வெட்டப்பட்ட ரைபிளுக்குத்தான். நம் நாட்டில் உரிமம் பெற்றவர்களிடம் பரவலாக இருப்பது .315 ரைபிள். அதையும் பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தில் தருவதில்லை. உங்களிடம் அத்தகைய ரைபிளும், கேரள ஊராட்சியின் உத்தரவும் இருந்தால், கீழே வருவது உங்களுக்குப் பயன்படும்.

எத்தனை மடங்கு?

கடைக்காரர் 9 மடங்கு, 12 மடங்கு என்று பெரிதாகக் காட்டுவார். தோட்டத்தில் பன்றியைப் பார்க்கும் தூரம் பெரும்பாலும் 30 முதல் 60 மீட்டர்தான். 50 மீட்டர் தூரத்தில் 9 மடங்கு ஸ்கோப்பில் சுமார் 2 மீட்டர் அகலமே தெரியும். ஓடும் பன்றி அதற்குள் சிக்காது. பக்கத்தில் ஆள் நிற்பதும் தெரியாது. 3 மடங்கில் 5 மீட்டருக்கு மேல் தெரியும். அதனால் 4 மடங்கு நிலையான ஸ்கோப் அல்லது 1 முதல் 4 வரை மாற்றக்கூடிய ஸ்கோப் போதும். மடங்கு கூடக்கூட விலையும் கூடும். அதே விலையில் மடங்கு குறைந்த ஸ்கோப் வாங்கினால், நல்ல கண்ணாடி கிடைக்கும்.

பன்றி வருவது அந்தியிலும் விடியலிலும். அப்போது வெளிச்சம் முக்கியம். இதற்கு எளிய கணக்கு உண்டு. முன் லென்ஸின் அகலத்தை மடங்கால் வகுங்கள். '4 x 32' என்றால் 32-ஐ 4-ஆல் வகுக்க 8 மி.மீ. '9 x 40' என்றால் 4.4 மி.மீ.தான். இது உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம். இருட்டில் இளைஞரின் கண்பாவை சுமார் 7 மி.மீ. விரியும், வயதாக ஆக 5 மி.மீ. அளவுக்குக் குறையும். ஒளிவட்டம் கண்பாவையைவிடச் சிறியதாக இருந்தால் காட்சி மங்கும். மலிவான 4 x 32 ஸ்கோப் அந்திப்பொழுதில் 9 மடங்கு ஸ்கோப்பைவிடத் தெளிவாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

கடையில் பார்க்க வேண்டியவை

ஏர்கன்னுக்கான ஸ்கோப்பை ரைபிளில் போடாதீர்கள். இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல அந்த வகைதான். ரைபிளின் பின்னுதைப்பில் உள்ளே இருக்கும் குறுக்குக்கோடு நகர்ந்துவிடும். எந்தப் போர் வரை தாங்கும் என்று எழுத்தில் கேளுங்கள்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே குறைந்தது 9 செ.மீ. இடைவெளி விட்டும் முழு வட்டமும் தெரிய வேண்டும். இதைவிடக் குறைந்தால், சுடும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும்.

குறுக்குக்கோடு தடிமனாக இருக்கட்டும். மெல்லிய கோடு அந்தி வெளிச்சத்தில் கருப்புப் பன்றியின் மேல் காணாமல் போகும்.

மலைத்தோட்டத்து மழைக்கும் பனிக்கும், நைட்ரஜன் வாயு நிரப்பி அடைத்த ஸ்கோப் வேண்டும். இல்லையென்றால் உள்ளே ஆவி படியும். திருப்பித் தர வசதி இருந்தால், வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் முக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிரபலமான பெயர்களில் போலிகள் நிறைய. பெட்டியில் உள்ள பெயரை மட்டும் நம்பாமல், வரிசை எண், ரசீது, இந்தியாவில் உத்தரவாதம் தருபவர் யார் என்பதைப் பார்த்து வாங்குங்கள். ஸ்கோப்புக்கு ஆகும் செலவோடு, எஃகினாலான நல்ல மவுண்ட்டுக்கும் பணம் ஒதுக்குங்கள். மவுண்ட் ஆடினால் எந்த ஸ்கோப்பும் உதவாது.

சத்தத்தைக் குறைக்கும் கருவியையும் சேர்த்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். சட்டப்படி அதுவே துப்பாக்கிக்குச் சமம். இரவில் பார்க்கும் கருவி, லேசர் போன்றவற்றைப் பொருத்தும் முன், உரிமம் வழங்கிய அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருத்துவது யார் வேலை?

பழைய ரைபிள்கள் பலவற்றில் மவுண்ட் பொருத்தத் துளை இருக்காது. ஊர் லேத் பட்டறையில் துளை போடச் சொல்லாதீர்கள். துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். துளை தவறான இடத்தில் விழுந்தால் சுடும்போது உங்கள் முகத்துக்கே ஆபத்து. உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் மட்டும் கொடுங்கள்.

பொருத்தியதும் குறியைச் சரிசெய்ய வேண்டும். இதைத் தோட்டத்தில் செய்யாமல், மாவட்ட ரைபிள் கிளப் போன்ற அனுமதி பெற்ற இடத்தில் செய்யுங்கள். முதலில் 25 மீட்டரில் மூன்று குண்டு, பிறகு 50 மீட்டரில் மூன்று குண்டு. ஸ்கோப்பின் திருகில் கால் மினிட் என்று இருந்தால், ஒரு 'கிளிக்'குக்கு 50 மீட்டரில் சுமார் 3.6 மி.மீ. நகரும். குண்டு 4 செ.மீ. இடப்பக்கம் விழுந்தால், 11 கிளிக் வலப்பக்கம். பிறகு 20 கிளிக் மேலே, 20 கிளிக் கீழே திருப்பி மீண்டும் சுட்டுப் பாருங்கள். குண்டு பழைய இடத்துக்கே வராவிட்டால், அந்த ஸ்கோப்பை எவ்வளவு மலிவாக வாங்கியிருந்தாலும் அது நட்டம்தான்.

தேர்தல் நேரத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். திரும்ப வாங்கியதும் குறியை மறுபடி சோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள். கீழே விழுந்தாலும் அப்படியே.

ஸ்கோப்பால் தேடாதீர்கள்

அசையும் புதரைப் பார்த்தவுடன், என்ன இருக்கிறது என்று அறிய ஸ்கோப் வழியாகப் பார்க்கக் கை தானாகப் போகும். அப்படிப் பார்க்கும்போது துப்பாக்கி முனை அந்த உருவத்தை நோக்கி இருக்கிறது. அது தண்ணீர் பாய்ச்ச வந்த ஆளாக இருக்கலாம். காவலுக்குப் படுத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரராக இருக்கலாம். பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்ட செய்திகள் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வந்துள்ளன. அவற்றில் பல இருட்டில் நடந்தவை.

முதலில் கைத் தொலைநோக்கியாலும் டார்ச் விளக்காலும் பாருங்கள். தலை முதல் கால் வரை பன்றி என்று தெரிந்த பிறகே துப்பாக்கியை உயர்த்துங்கள். பன்றிக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். ரைபிள் குண்டு குறி தவறினால் இரண்டு கிலோமீட்டருக்கு மேலும் போகும். மலைச்சரிவில் கீழே தொழிலாளர் குடியிருப்பு இருந்தால், அந்தப் பக்கம் சுடவே கூடாது.

முதல் செலவு எதற்கு?

கேரளத்தில் அனுமதியும் ரைபிளும் உள்ளவர் முதலில் நல்ல டார்ச், கைத் தொலைநோக்கி, பயிற்சிக்கான தோட்டா ஆகியவற்றுக்குச் செலவு செய்யட்டும். ஸ்கோப் அதற்குப் பிறகு. 12 போர் அல்லது மருந்துத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு ஸ்கோப் தேவையில்லை.

தமிழ்நாட்டு விவசாயி அந்தப் பணத்தைச் சூரிய மின்வேலிக்கு ஒதுக்கலாம். வனத்துறைக்கும் வேளாண் துறைக்கும் அதுபற்றித் தகவல் கேட்டு, விதிப்படி அமைக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடுவது உயிருக்கும் ஆபத்து, சட்டப்படியும் குற்றம். பயிர் சேதமானால் படம் எடுத்து, சர்வே எண்ணோடு வி.ஏ.ஓ.விடமும் வனவரிடமும் எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். விரிவாக்கப் பணியாளர்கள் இந்த மனுவை எழுத உதவினால், அதுவே பெரிய உதவி. 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறை வந்து சுட வேண்டுமானால், சேதம் நடந்ததற்கான பதிவு அவர்களிடம் இருக்க வேண்டும். அந்தப் பதிவை உண்டாக்குவது உங்கள் மனுதான்.