பானெட்டுக்குள் யார் கை?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு பார்க்க ஷாம்பூ நுரையில் காரைக் குளிப்பாட்டுபவர் அவர். சீட்டு இடுக்கில் நசுங்கிய பிஸ்கட்டையும், மிதியடியில் காய்ந்துபோன குழந்தையின் வாந்தியையும் சுரண்டி எடுப்பவள் அவள். முன்னதற்குப் பெயர் பராமரிப்பு. பின்னதற்குப் பெயரே கிடையாது. ஆயுத பூஜையன்றும் அப்படித்தான்: சந்தனமும் குங்குமமும் வைப்பது அவள், எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றுவது அவர்.

ஆர்.சி. என் பெயரில் இருக்கிறது, தவணை என் சம்பளத்தில் போகிறது. மெக்கானிக் மட்டும் "சார் வரலையா மேடம்?" என்கிறார்.

அப்படி என்ன பரம ரகசியம் பானெட்டுக்குள்? சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சற்றுப் பொறுத்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி எடுத்தால் ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவே நிற்க வேண்டும். டயரில் காற்றை, டயர் சூடேறுவதற்கு முன் பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவோரத்திலேயே ஒட்டியிருக்கும். ஆவி அடங்காத குக்கரைத் திறக்கக் கூடாதென்று அறிந்தவளுக்கு, சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாதென்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டுமா என்ன?

1888இல் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல், இரு மகன்களோடு, மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் காரை எடுத்துச் சென்றார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் தேய்ந்ததும் வழியில் ஒரு செருப்புத் தொழிலாளியிடம் தோல் அடிக்கச் செய்தார். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணத்தில் ரிப்பேர் பார்த்தது பெண்தான். இதை எந்த மெக்கானிக் கடைச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

அடுத்த சர்வீஸுக்கு நான் போகிறேன். பின் சீட்டை அவர் துடைக்கட்டும்.