பேய் பிடித்தது விடுதியையா, நாவையா?

 

வடநாட்டிலே, டேராடூன் நகருக்கு மேலே, கடல் மட்டத்தினின்று ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் மசூரி என்னும் மலையூர் இருக்கிறது. கோடை வெயிலுக்கு அஞ்சி ஆங்கிலேயர் ஒதுங்கிய ஊர் அது. அங்கே 1902-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ‘சவாய்’ என்னும் பெருவிடுதி, இன்று ‘பேய் உலவும் விடுதி’ என்று பெயர் வாங்கியிருக்கிறது. நள்ளிரவில் தாழ்வாரத்திலே ஒரு சீமாட்டி நடமாடுகிறாள் என்பதும், பூட்டிய அறைகளிலிருந்து முணுமுணுப்புக் கேட்கிறது என்பதும் மக்கள் சொல்லும் கதைகள். மக்தபில் ஓதும் பிள்ளைகள் கைப்பேசியில் இதைப் பார்த்துவிட்டு, “மெய்தானா ஹஜ்ரத்?” என்று என்னிடம் கேட்கிறார்கள். உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பார்கள். அவர்களுக்கு என்ன விடை சொல்வது?

முதலில் நடந்ததைச் சொல்வோம். 1911-ஆம் ஆண்டு அந்த விடுதியில் தங்கியிருந்த பிரான்சிஸ் கார்னெட்-ஓர்ம் என்ற 49 வயது ஆங்கிலப் பெண்மணி, உள்ளே தாழிட்ட அறையில் இறந்து கிடந்தார். சயனைடு வகையைச் சேர்ந்த கொடிய நஞ்சு அவர் உடலில் இருந்தது தெரிய வந்தது. அவருடைய தோழி இவா மவுண்ட்ஸ்டீபன் சில நாட்களுக்கு முன்பே மலையிறங்கிப் போயிருந்தார். இறந்தோரின் ஆவிகளோடு பேசலாம் என்று நம்பியவர்கள் இவ்விருவரும். தோழிதான் மருந்திலே நஞ்சைக் கலந்துவிட்டுச் சென்றார் என்று குற்றம் சாட்டப்பட்டு, வழக்கு அலஹாபாத் உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. 1912-இல் அவர் விடுதலையானார். கொலையோ தற்கொலையோ, உண்மை இன்றளவும் வெளிப்படவில்லை.

வழக்கு முடிந்தது, வாய்கள் ஓயவில்லை. 1920-இல் வெளியான அகதா கிறிஸ்டியின் முதல் துப்பறியும் நாவலுக்கு இச்சம்பவமே வித்து என்பார் சிலர். மருத்துவரும் நஞ்சுக்கு இரையானார் என்று கதையை நீட்டுவார் வேறு சிலர். ஆவியை நம்பிய பெண்ணே ஆவியாக அலைகிறாள் என்று முடித்தால் கேட்பவருக்குச் சுவை கூடுகிறது. மலைக்குளிரில் சுருங்கி விரியும் பழைய மரப்பலகை இரவில் ‘கிறீச்’ என்றால், கதை கேட்டு வந்தவன் காதுக்கு அது காலடி ஓசையாகிவிடுகிறது!

வாசகர்களே, சற்று நின்று எண்ணிப் பாருங்கள். இங்கே இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்தி உற்றார் அருகில் இல்லாமல் மாண்டவள், அவளைப் பேயாக்கிவிட்டோம். மற்றவள் நீதிமன்றம் விடுவித்தவள். அவளை இன்றும் கொலைகாரியென்றே பேசுகிறோம். இருவருக்கும் மறுமொழி சொல்ல நாவில்லை. ஆகவே நம் நாவு நீள்கிறது.

நம் மார்க்கம் இதில் தெளிவாக இருக்கிறது. ஜின் என்னும் படைப்பு உண்டு என்று நம்புகிறோம். ஆனால் மவுத்தானவரின் ரூஹ், கியாமத் நாள் வரை பர்ஸக் என்னும் திரைக்கு அப்பால் இருக்கிறது. அது தாழ்வாரங்களில் உலவித் திரிவதில்லை. ஊகங்களைத் தவிர்க்கும்படியும், செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படியும் ‘ஹுஜுராத்’ அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. இறந்தோரை ஏசுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள்.

மசூரி தூரத்தில் இருக்கிறது என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் காரைக்கால் கரையைத் தாக்கியபோது எங்கள் கருக்களாச்சேரியும் அதற்குத் தப்பவில்லை. அதன்பின், “மஃரிபுக்குமேல் கரைக்குப் போகாதே, செத்தவர்கள் கூப்பிடுவார்கள்” என்று பிள்ளைகளை மிரட்டிய வீடுகள் உண்டு. மாண்டவர்கள் யார்? நேற்றுவரை நம் வாசலில் மீன்கூடையை இறக்கிவைத்து நலம் விசாரித்த தாய்மார்கள்; நம் பிள்ளைகளோடு மணலில் விளையாடிய குழந்தைகள். உயிரோடிருந்தபோது நமக்குத் தீங்கு நினைக்காதவர்கள், இறந்த மறுநாளே நமக்குப் பகைவராகிவிட்டார்களா? அவர்களுடைய தாயோ கணவனோ இப்பேச்சைக் கேட்டால் நெஞ்சு என்ன பாடுபடும்!

அதுபோலவே, ஒரு வீட்டில் இளம்பெண் ஒருத்தி அகால மரணமடைந்தால், “அது ஆகாத வீடு” என்கிறோம். குடிவர ஆளில்லாமல் வீடு பூட்டிக் கிடக்கிறது. அவள் தங்கைக்கு வரும் சம்பந்தம் வாசலோடு திரும்புகிறது. மரணத்தில் ஐயமிருந்தால் காவல் துறையிடமும் நீதிமன்றத்திலும் முறையிடுவது கடமை. அந்தக் கடமையைச் செய்யாமல், அவளைப் பேயென்று பேசிப் பொழுதுபோக்குவது அவளுக்குச் செய்யும் இரண்டாவது அநீதியல்லவா?

ஆகவே, பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: “அது பேய்க்கதையன்று, மகனே. ஒரு பெண் இறந்தாள்; எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதே ஈமானுள்ளவனுக்கு அழகு.” இரவில் அச்சம் வந்தால் ‘ஆயத்துல் குர்ஸீ’ ஓதிப் படுக்கப் பழக்குங்கள். இறந்துபோன அண்டை வீட்டாரின் நல்ல குணங்களைச் சொல்லிக் கொடுங்கள்.

இறந்தோரின் கண்ணியத்தையும் இருப்போரின் மானத்தையும் நம் நாவினின்று வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.