டாக்டர் ஆசை காட்டினால் போதுமா? ஆஸ்பத்திரியைக் காட்டுங்க!

ஒலக்கூர் ஆகட்டும், வேறு எந்த ஊர் ஆகட்டும், பள்ளிக்கூட ஆண்டு விழா என்றால் ஒரு காட்சி தவறாது. மேடையில் இருக்கும் பெரிய மனிதர் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, "பெரியவளாகி என்ன ஆகப் போறேம்மா?" என்பார். "டாக்டர்!" என்று பதில் வரும். கைத்தட்டல் பந்தலைப் பிளக்கும்.

அதோடு சரி! அந்தப் பெண்ணை ஒரு வார்டுக்குக் கூட்டிப்போய், "இதுதாம்மா அந்த வேலை" என்று காட்ட ஆள் கிடையாது. பிளஸ்-2 முடிகிற நேரத்தில்தான் நீட் என்ற பூதம் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது.

திண்டிவனத்தில் ஒரு ராத்திரி

பக்கத்துத் திண்டிவனத்திலேயே பலருக்குத் தெரியாத சங்கதி இது. சுமார் 130 வருஷத்துக்கு முன்பு அங்கே மிஷன் டாக்டராக இருந்தவர் ஜான் ஸ்கட்டர். அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து மகள் ஐடா வந்தார். அம்மாவைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவதுதான் எண்ணம். டாக்டர் படிப்பு என்ற பேச்சே இல்லை.

ஒரு ராத்திரி மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவக் கஷ்டம். ஆண் டாக்டர் தொடக்கூடாது, பெண்தான் வரவேண்டும் என்று மன்றாடினார்கள். ஐடா என்ன செய்வார், அவர் டாக்டர் இல்லையே! மூன்று பெண்களும் செத்துப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். 1899-ல் பட்டம். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி அவர் தொடங்கியதுதான். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஆரம்பித்தபோது, மூணு பேர் மனுப் போட்டாலே அதிசயம் என்று பேசினார்கள். வந்த மனு 151!

கண்ணால் பார்த்த ஒரு ராத்திரி செய்த வேலை இது. மேடைப் பேச்சு எதுவும் செய்யவில்லை.

அதே தண்டவாளம்தான்!

இன்றைக்குப் பார்க்க வழியா இல்லை? ஒலக்கூர் ஸ்டேஷன் வழியாக ஓடும் அதே தண்டவாளம்தான் திண்டிவனம், மயிலம் தாண்டி முண்டியம்பாக்கம் போகிறது. விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 2010 முதல் அங்கேதான் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை அழைத்துப்போய் வார்டு, லேப், ரத்த வங்கி, எக்ஸ்ரே ரூம் எல்லாம் காட்டலாமே?

ரத்தத்தைப் பார்த்ததும் ரெண்டு பேர் மயங்கி விழலாம். விழட்டும்! 14 வயசில் தெரிந்துகொள்வது 18 வயசில் தெரிவதைவிட மேல். இன்னொரு பிள்ளைக்கு லேப் பிடித்துப் போகும். வேறொருத்திக்கு நர்சு வேலை பிடிக்கும். பி.எஸ்சி. நர்சிங்குக்குத் தமிழ்நாட்டில் பிளஸ்-2 மார்க்கை வைத்துத்தான் இடம். அதில் என்ன குறைச்சல்?

பார்த்த பிறகும் "டாக்டர்தான்" என்று நிற்கிற பிள்ளைக்கு நாலு வருஷம் கையில் இருக்கும். நீட்டில் 720 மார்க். அதில் பாதி பயாலஜி. பிளஸ்-1, பிளஸ்-2 இரண்டு வருஷப் பாடமும் வரும். தப்பாகக் குறித்தால் ஒரு மார்க் பிடுங்கிக்கொள்வார்கள். கடைசி இரண்டு மாச உருப்போடலுக்கு அடங்குகிற சமாசாரமா இது?

அவசரப்பட்டு டி.சி. வாங்காதீங்க!

இதுதான் முக்கியம். 2017-ல் தமிழ்நாட்டுக்கு நீட் வந்ததும் எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணும்படி ஆயிற்று. அதனால் 2020-ல் அவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டம் வந்தது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் பீஸை அரசே கட்டும்.

ஆனால் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. (கட்டாயக் கல்விச் சட்ட இடத்தில் தனியாரில் 8 வரை படித்து, 9 முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு.) விவரம் தெரியாத தகப்பன், பத்தாவதில் நல்ல மார்க் வந்த சந்தோஷத்தில் சங்கிலியை அடகு வைத்து மகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார். டி.சி. கைக்கு வந்த அன்றே 7.5 கைவிட்டுப் போச்சு! டி.சி. எழுதித் தரும் ஹெட்மாஸ்டர் இதை வாய்விட்டுச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

முண்டியம்பாக்கம் போக வேண்டியது ஒரு வாத்தியார், கல்லூரி டீனுக்கு ஒரு கடுதாசி, பிள்ளைகளுக்கு ரயில் டிக்கெட். மாவட்டக் கல்வி ஆபீஸ் நினைத்தால் அடுத்த ஜூனிலேயே முதல் பெட்டி கிளம்பலாம்.